வேறு எவருமில்லை

செம்புலிங்கம் வெள்ளைத் துண்டை உதறிக் கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டபோது குத்தாலிங்கத்துக்கு மூச்சு ஒரு கணம் நின்று வந்தது. கண்ணாடியில் துண்டுக்கு மேலே தலை மட்டும் தனியாக இருந்தது. அறுபத்தெட்டு வயதுத் தலை. நாலு நாள் தாடி, உப்புப் பூத்த சுவர் மாதிரி. மடியில், துண்டுக்கு அடியில், மஞ்சள் பை. ஆணியில் மாட்டுங்கள் என்று செம்புலிங்கம் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டார். பைக்குள் இரண்டு தாள்கட்டு இருந்தது. ஒன்று, தம்பி திருமலை எலுமிச்சைத் தோப்பை விற்று எழுதிக்கொடுத்த கிரையப் பத்திரத்தின் நகல். இன்னொன்று, அந்தக் கிரையம் செல்லாது என்று வக்கீல் அடித்துக்கொடுத்த பிராது. பதினோரு மணி பஸ்ஸில் தென்காசிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே தாக்கல். "நல்லா வழிச்சு விடும் வே. கோர்ட்டுக்குப் போற முகம்," என்றார். "கோர்ட்டுல முகத்தையா பாக்காங்க அண்ணாச்சி, தாளைல்லா பாக்காங்க," என்று செம்புலிங்கம் குழாயைப் பிதுக்கினார். பிரஷ் கன்னத்தில் சில்லென்று சுழன்றது. நுரையிலிருந்து எலுமிச்சை வாசம் வந்தது. வாசம் கூட இல்லை, வாசத்தைப் போல ஒரு பொய். எலுமிச்சை இப்படியா மணக்கும். முதலில் இலை மணக்க வேண்டும், கசக்கின விரலில். பிறகு முள் கிழித்த இடத்தில் ரத்தம். பிறகு தோல் தெறிக்கிற எண்ணெய் கண்ணில் பட்டு ஒரு எரிச்சல். அதற்குப் பிறகுதான் காய். ஓடைக்கரையில் ரெண்டு ஏக்கர், அப்பா வைத்த மரங்கள். புனலூரில் டீக்கடை வைத்திருந்த முப்பது வருஷமும் ஆடி கழிந்ததும் ஒரு மூட்டை காய் லாரியில் வந்து இறங்கும். அப்பா இருந்தவரை அப்பா அனுப்பினார், அப்பா போன பிறகு திருமலை அனுப்பினான். கடிதம் கிடையாது, விசாரிப்பு கிடையாது. மூட்டையின் வாயைத் தைத்த சணல்தான் கடிதம். உனக்கும் இதில் பங்கு இருக்கிறது என்று அந்தச் சணல் சொல்லும். ஊருக்குத் திரும்பி வந்த பத்து வருஷத்தில் மூட்டை சைக்கிளில் வந்தது. போன வருஷம் ஆடிக்கு வரவில்லை. ஆவணியிலும் வரவில்லை. கேட்டால் அசிங்கம் என்று புரட்டாசி வரை பொறுத்திருந்து ஒரு காலையில் நடந்தே போய்ப் பார்த்தார். மரங்கள் வேர் மேலே தெரிய மல்லாந்து கிடந்தன. மஞ்சள் இயந்திரம் ஒன்று கையை மடக்கிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. பத்தடிக்கு ஒரு கல். ஒவ்வொரு கல்லிலும் ஒரு எண். காய்கள் சக்கரத்தில் நசுங்கி, அந்த இடமே, அந்தக் காற்றே, ஐயோ, அன்றைக்கு மணந்ததுதான் எலுமிச்சை.

நகலை வாங்கின அன்று பத்திரம் எழுதுகிற ஒருவரைத்தான் வாசிக்கச் சொன்னார். குத்தாலிங்கத்துக்குப் படிப்பு மூணாம் வகுப்போடு சரி, எழுத்துக்கூட்டினால் வரும், ஆனால் பத்திரத்து வரிகள் கூட்டினால் வராது, அவை முடிகிற இடமே தெரியாமல் போய்க்கொண்டிருக்கும். பத்திரம் எழுதுகிறவர் வேகமாக வாசித்துக்கொண்டே போனார், நாலு எல்லை, சர்வே எண், பாதை, பிறகு ஒரு வரி. அந்த வரியில் குத்தாலிங்கம் கையை நீட்டித் தாளின் மேல் வைத்தார். அதை இன்னொரு தடவை வாசியுங்க. வாசித்தார். இன்னொரு தடவை. 'மேற்படி என் தகப்பனார் காலமாகிவிட்டபடியால் அவருடைய ஏக வாரிசு நானே. என்னைத் தவிர வேறு வாரிசு எவருமில்லை.' அன்று ராத்திரி அந்த வரிக்கு அடியில் விரலை வைத்துக் கூட்டிக் கூட்டி அவரே வாசித்துவிட்டார். மூணாம் வகுப்புக்குப் பிறகு அவர் முழுசாக வாசித்த முதல் வரி. எவருமில்லை. செத்துப்போய்விட்டான் என்று எழுதியிருந்தாலாவது ஒரு காலத்தில் இருந்தான் என்று ஆகியிருக்கும். காணாமல் போய்விட்டான் என்றாலாவது தேடினார்கள் என்று ஆகும். எவருமில்லை என்றால் பிறக்கவே இல்லை. அப்பா அவரைத் தூக்கவில்லை, ஆனால் திருமலையைத் தூக்கினார், அது எப்போதுமே அப்படித்தான். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு மாட்டுவண்டியில் போனபோது, அவருக்கு ஏழு வயது, திருமலைக்கு ரெண்டு, அப்பா திருமலையைத் தோளில் வைத்துக்கொண்டு அருவிக்குள் போனார். "நீ துணியைப் பாத்துக்க." குற்றாலத்தான் பெயரை வைத்துக்கொண்டு கரையில் துணிமூட்டைக்குக் காவல். அறுபத்தோரு வருஷம் ஆகிறது. அந்தப் பாறையின் ஈரம் இன்னும் உட்காருகிற இடத்தில் இருக்கிறது.

வாசலில் செருப்பை விடுகிற சத்தம். இடதுகால் செருப்பு விழுந்தது. வலதுகால் செருப்பு ஒரு இழுப்பு இழுத்துவிட்டு விழுந்தது. யார் என்று முதுகே சொல்லிவிட்டது. "வாங்க சின்ன அண்ணாச்சி, இருங்க, பெரியவரு முகம் முடிஞ்சதும் நீங்கதான்," என்று செம்புலிங்கம் சொல்லும்போது கத்தி குத்தாலிங்கத்தின் வலது கன்னத்தில் இறங்க ஆரம்பித்திருந்தது. எழுந்து போக முடியாது. பாதிக் கன்னத்து நுரையோடு பஜாரில் நடக்க முடியாது. திருமலையாலும் போக முடியாது. போனால் தோற்றவன். கண்ணாடியின் ஓரத்தில் அவன் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டான். தலைக்கு மை அடித்திருக்கிறான், வகிட்டில் மட்டும் வெள்ளை ஒரு விரற்கடை எழும்பியிருக்கிறது. தோப்பை விற்றவனுக்கு முடிக்கு மை. பேப்பருக்கு மேலே காது தெரிந்தது. அப்பாவின் காது. மடல் கொஞ்சம் வெளியே மடிந்த காது. குத்தாலிங்கத்தின் காதும் அதுதான், கண்ணாடியில் முன்னே ஒன்று பின்னே ஒன்றாக ஒரே காது, இதைப் பார்த்தால் போதாதா, கோர்ட்டுக்குச் சாட்சி எதற்கு, ரெண்டு பேரையும் வரிசையாக நிறுத்திக் காதைப் பாருங்கள் என்றால் போதாதா. பதினோரு மாதமாகப் பேச்சில்லை. டீக்கடையில் இவர் கிழக்கே பார்த்துக் குடித்தால் அவன் மேற்கே பார்த்துக் குடிப்பான். கோவிலில் இவர் வருகிற நேரம் தெரிந்து அவன் நேரத்தை மாற்றிக்கொண்டான். ஆனால் முகம் வழிக்க மட்டும் ரெண்டு பேரும் வேறு கடைக்குப் போகவில்லை. செம்புலிங்கத்தின் கை பழகின கை. அதை விட்டுக்கொடுக்க ரெண்டு பேருக்குமே மனசில்லை. "அசையாதிங்க அண்ணாச்சி," என்றார் செம்புலிங்கம். அசைந்தோமா? தொண்டைக்குள் எச்சில் இறங்கியது. அதுதான் அசைந்திருக்கிறது.

கத்தி தாடையின் எலும்பைச் சுற்றி வந்தது. கத்தி இருக்கும்போது மனசு ஏன் வக்கீல் ஆபீசுக்குப் போகிறது. வக்கீல் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர், மின்விசிறியை இவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கேட்டார். "ஐயா, உங்க அப்பாவுக்கு நீங்க ரெண்டு ஆம்பளைப் பிள்ளைதானா? பொம்பளைப் பிள்ளை உண்டா? இருந்தா அவங்களுக்கும் சம பங்கு. சொல்லிருங்க." "இல்ல." ஈயை ஓட்டுகிற மாதிரி வந்துவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமல் சொன்னால் பொய்யா? வக்கீல் குனிந்து எழுதிக்கொண்டார். மூணு நாள் கழித்துத் தாளாக அடித்துக் கொடுத்தார், வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட வாருங்கள் என்றார். வீட்டில் யார் இருக்கிறார்கள். மனைவி மங்கை போய் ஒன்பது வருஷம். அவரே விரலை வைத்துக் கூட்டினார். 'மேற்படி இரண்டு மகன்களைத் தவிர வேறு வாரிசு எவருமில்லை.' கூட்டவே வேண்டியிருக்கவில்லை. கடைசி வார்த்தைகள் பழகின வார்த்தைகள், கண்ணை மூடினாலும் தெரிகிற வார்த்தைகள். உடனே தாளை மடித்துப் பையில் போட்டார். ஆவுடையக்கா கேட்கவா போகிறாள். மூணாகப் பிரித்தால் என்ன மிஞ்சும், ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற இடம். அவளுக்குச் சிவகிரியில் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், மேலும் அவள் செய்ததுக்கு, மங்கை செத்த வீட்டுக்கு ஐந்தாம் நாள் வந்தவளுக்கு. சொந்தத் தம்பி பெண்டாட்டி. ஐந்தாம் நாள். வாசலில் வந்து நின்றாள், ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டி, பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு. "மதுரையில கண் ஆப்பரேசன்டா, டாக்டர் விடல, எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்." "இப்ப எதுக்கு வந்த?" என்றார் குத்தாலிங்கம். நடையை விட்டு நகராமல், உள்ளே வா என்று சொல்லாமல். கட்டுப்போடாத கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வந்தது. டாக்டர் அழக்கூடாது என்று சொல்லியிருப்பார். கொண்டுவந்த பையை வாசலிலேயே வைத்துவிட்டுத் தண்ணீர் கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குத் திரும்பிப் போனாள். ஒன்பது வருஷம். அவர் மறக்கவில்லை. எதை மறக்கவில்லை? ஐந்தாம் நாளை மறக்கவில்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தார். இப்போது பார்த்தால் அந்த ஒற்றைக் கண்.

"அண்ணாச்சி, நீங்க அன்னைக்குக் கேட்டதுக்கு யோசிச்சேன்," என்று செம்புலிங்கம் மூக்கை ரெண்டு விரலால் தூக்கி மேலுதட்டில் கத்தியை வைத்தார். அய்யோ, இப்போதா, அவன் உட்கார்ந்திருக்கும்போதா. வேண்டாம் என்று கண்ணால் காட்டினார். செம்புலிங்கம் கண்ணைப் பார்க்கவில்லை, மயிரைப் பார்த்தார். குத்தாலிங்கத்துக்குப் பிறப்புச் சான்று கிடையாது, பள்ளிக்கூடத்துச் சான்று கிடையாது, ரேசன் கார்டு புனலூரில் எடுத்தது. இன்னாருடைய மகன்தான் இவர் என்று ஊரில் ஒரு ஆள் வந்து சொல்ல வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். சொந்தக்காரர்கள் எல்லாரும் ரெண்டு பக்கமும் சிரித்துப் பேசுகிறவர்கள். செம்புலிங்கம்தான் சரி என்று போன வாரம் கேட்டிருந்தார். அப்பா செத்தபோது ரெண்டு மகன்களுக்கும் மொட்டை போட்டவர் அவர். ஆற்றங்கரையில் முதலில் பெரியவன் தலை, பிறகு சின்னவன் தலை. தலை பொய் சொல்லுமா. "நான் வாரேன் அண்ணாச்சி. கூண்டுல ஏறிச் சொல்லுதேன். எனக்கு என்ன பயம். ஆனா ஒண்ணு. அவங்க என்ன கேட்டாலும் உள்ளதத்தான் சொல்லுவேன்." கத்தி உதட்டை விட்டுப் போய்த் துண்டில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தது. "சுடுகாட்டுல வாய்க்கரிசிக்கு நான்தான நின்னு பேரு கூப்பிட்டேன். பெரிய மகன் குத்தாலிங்கம் வாங்கன்னேன். சின்ன மகன் வாங்கன்னேன். அதுக்கு முன்னாடி, வீட்டு வாசல்ல வச்சு, பொம்பளைக சுடுகாட்டுக்கு வரமாட்டாங்கல்லா, அதனால அங்க வச்சே, மக ஆவுடையம்மா வாங்கன்னு முதல் முதலா அவங்களத்தான் கூப்பிட்டேன். மூணு பேரு கூப்பிட்டேன். மூணு கையி அரிசி விழுந்துச்சு. எத்தன மக்கன்னு ஜட்ஜையா கேட்டா மூணுன்னுதான் சொல்லுவேன். ரெண்டுன்னு சொல்ல வாய் வராது. தாயளி, நாளைக்கு எந்த வீட்டு வாசல்ல நின்னு நான் பேரு கூப்பிட?"

பேப்பர் சத்தம் நின்றது. கண்ணாடியில் திருமலை பேப்பரை இறக்கிவிட்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்கிறானா? உதட்டில் ஏதோ இருக்கிறது. அவனுக்குத் தெரிந்துவிட்டது. மடியில் இருக்கிற பையைத் துணிக்கு மேலாகவே பார்க்கிறான், உள்ளே இருக்கிற வரியையே வாசிக்கிறான். பள்ளிக்கூடத்தில் எட்டு வரை படித்தவன். உன்னுடையதும் என்னுடையதும் ஒரே வரிதானே, கடைசி மூணு வார்த்தை ஒண்ணுதானே என்று பார்க்கிறான். குத்தாலிங்கம் மடியில் பையை அழுத்திக்கொண்டார். அது எப்படி ஒன்றாகும். இவன் செய்தது துரோகம். நான் செய்தது, நான் சொன்னது ஒரு வார்த்தை. இவன் எழுதினான், நான் எழுதவில்லை, வக்கீல் எழுதினார். இவன் கையெழுத்துப் போட்டுவிட்டான், நான் இன்னும் போடவில்லை. பத்து மணி ஐம்பது. இன்னும் போடவில்லை. அறுபத்தோரு வருஷமாக ஒரு விஷயத்தைத்தான் இடுப்பில் முடிந்து வைத்துக்கொண்டிருக்கிறார், இவனைப் போல நான் இல்லை என்று. அதையும் எடுத்துவிட்டால் மிஞ்சுகிறது என்ன, ஒரே காது ரெண்டு. நிலம் பாதி வந்தாலும் அந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது. கத்தி கழுத்துக்கு வந்திருந்தது. குரல்வளையின் மேல் தண்ணீர் மாதிரிக் குளிர்ச்சியாக நின்றது. அப்படியே பேசினார். உதடு அசையாமல், பல்லிடுக்கில். "வே, அக்கா வீடு சிவகிரியில எந்தத் தெரு?" பிராதில் அவள் பெயரைச் சேர்த்தால், சம்மன் அனுப்ப விலாசம் வேண்டும். சொந்த அக்காவின் விலாசம் அவருக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் போனது, பிறகு ஒரு காதுகுத்துக்குப் போனது, முன்னால் போகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே போனது. "வடக்குத் தெரு அண்ணாச்சி, அம்மன் கோவிலைத் தாண்டி மூணாவது. உங்க அப்பா செத்த துஷ்டி சொல்ல நான்தான போனேன். வாசல்ல பெரிய முருங்க நிக்கும். அழுதுக்கிட்டே எனக்கு மோரு ஊத்திக் குடுத்தாங்க."

"முருங்க இப்ப இல்ல," என்றது பெஞ்சு.

செம்புலிங்கத்தின் கை நின்றது. குத்தாலிங்கம் கண்ணாடியில் பார்த்தார். பதினோரு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை, அது மரத்தைப் பற்றி. திருமலை பேப்பரை மடித்தான், நாலாக மடித்தான், எட்டாக மடித்தான். "போன வருசம் சித்திரையில காத்துல சாஞ்சு கெடந்துச்சு. நான் போயிருந்தப்ப பேரன்மாரு வெட்டிக்கிட்டு இருந்தாங்க." போன வருஷம் சித்திரை. கிரையம் வைகாசி. இவன் எதற்குப் போனான். கையெழுத்துக்குப் போயிருக்கிறான். அவளிடம் கேட்டிருக்கிறான், இவரிடம் கேட்கவில்லை. ரெண்டு பேரும் சேர்ந்துதான், அவளும் உடந்தை, நினைத்தேன், ஐந்தாம் நாள் வந்தவள்தானே. மனசு பழைய தடத்தில் சக்கரம் மாதிரி விழப்போனது. திருமலை செம்புலிங்கத்தைப் பார்த்துத்தான் பேசினான், அண்ணனைப் பார்த்துப் பேசவில்லை. "பங்கு வேண்டாம்னு விடுதலைப் பத்திரத்துல ஒரு கையெழுத்துப் போட்டுத் தா எக்கான்னு கேட்டேன் வே. அப்பா படுக்கையில கெடந்த ரெண்டு வருசம் பீ மூத்திரம் அள்ளுனது யாரு, நான்தான? புனலூர்ல டீ ஆத்துனவங்களா அள்ளுனாங்க? அதச் சொல்லித்தான் கேட்டேன். அவ என்ன சொன்னா தெரியுமா? பெரியவன் போட்டா நான் போடுதேன், அவன் போடாம நான் போடமாட்டேன்னு சொல்லிட்டா. எக்கா, அவன் உன்கூடப் பேசியே எத்தன வருசமாச்சின்னேன். பேசாட்டா தம்பி இல்லன்னு ஆயிருமாடான்னா. எந்திரிச்சுப் போயிட்டா. சோறு போட்டு வச்சிருந்தா, நான் திங்கல." மடித்த பேப்பரைப் பெஞ்சில் போட்டான். "அதுக்கு அப்புறந்தான் ரெண்டு பேருமே இல்லன்னு எழுதுனேன். வேற என்ன செய்ய?" செம்புலிங்கம் கத்தியை எடுத்துத் தாடைக்குக் கீழே கடைசி இழுப்பை இழுத்தார். சுருக்கென்றது. குத்தாலிங்கம் அசைந்திருக்க வேண்டும். ஒரு சொட்டுச் சிவப்பு, துண்டின் வெள்ளையில்.

"வெட்டிருச்சி அண்ணாச்சி, மன்னிக்கணும்," என்று செம்புலிங்கம் படிகாரத்தைத் தேய்த்தார். எரிந்தது. பெரியவன் போட்டா. முள் கிழித்த எரிச்சல். பெரியவன் போட்டா நான் போடுதேன். அவன் போடாம. அவள் எழுந்து போகும்போது கண் எப்படி இருந்திருக்கும், ஆப்பரேசன் செய்த கண் சரியாகிவிட்டதா, யாரும் சொல்லவில்லை, இவர் யாரையும் கேட்கவில்லை. அங்கே அவள் இவர் பெயரைச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். இங்கே இவர் மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்து இல்ல என்று சொன்னார். அவள் சொன்னது இவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். தெரியாவிட்டால் சொல்லலாமா? வெளியே தென்காசி பஸ் ஹாரன் அடித்தது, நீளமாக, ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. "அண்ணாச்சி, பஸ்ஸு," என்றார் செம்புலிங்கம். மடியில் பை கனத்தது. செம்புலிங்கம் பாட்டிலை எடுத்து முகத்தில் தண்ணீரை விசிறினார், ஒரு பக்கம், மறுபக்கம், நெற்றி. கண்ணை மூடினார். பாறை. ஈரம். துணிமூட்டை. அப்பாவின் தோளில் திருமலை அருவிக்குள் போகிறான், இதுவரை அறுபத்தோரு வருஷமும் அந்த இடத்தோடு நின்றுபோகும். இன்றைக்கு நிற்கவில்லை. அருவிக்குள்ளிருந்து ஒரு பெண்பிள்ளை ஓடி வருகிறாள், பத்து வயது, நனைந்த பாவாடையை ரெண்டு கையாலும் அள்ளிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வழுக்கி விழப்போய், விழாமல், அவர் தலைக்கு மேலே நின்று பிழிகிறாள். "இந்தாடா, உனக்கு அருவி." ஓடிப்போய் மறுபடியும் நனைத்துக்கொண்டு வருகிறாள். மறுபடியும். அப்பா கூப்பிடுகிறார், அவள் போகவில்லை.

"பஸ்ஸு போவுது அண்ணாச்சி." "போட்டும்," என்றார் குத்தாலிங்கம், கண்ணைத் திறக்காமல். "சிவகிரிக்கு எத்தன மணிக்கு வே?" செம்புலிங்கம் வாய் திறப்பதற்குள் பெஞ்சிலிருந்து பதில் வந்தது. "பதினொண்ணே கால். ஆனா எப்பவும் லேட்டு." குத்தாலிங்கம் நாற்காலியை விட்டு இறங்கினார். துண்டை உருவிய இடத்தில் கழுத்து குளிர்ந்தது. திருமலை எழுந்து வந்தான், நாற்காலியின் சூடு ஆறுவதற்கு முன்னால் உட்கார்ந்தான். ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் உரசாமல் கடந்தார்கள். மன்னிக்கவில்லை. அவனை மன்னிக்கவே போவதில்லை, கோர்ட்டுக்கு இழுக்கத்தான் போகிறார், காதைப் பிடித்து இழுக்கப் போகிறார், ஆனால் மூணு பேராக. வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டினார். நடையைத் தாண்டி உள்ளே வா என்று அவள் சொல்வாளா? இப்ப எதுக்கு வந்த என்று கேட்டால்? கேட்கட்டும். கேட்டால் என்ன சொல்வது என்று பஸ் வருகிற வரை யோசித்துப் பார்த்தார். வெயிலில் முகம் காய்ந்துகொண்டிருந்தது, வெட்டுப்பட்ட இடத்தைத் தவிர.